விளையாட்டு என்று யார் சொல்வது?

அத்தியாயம் 9

போன வாரம் சௌடேஸ்வரியை மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு வந்துவிட்டோம். ஒரு பொம்பளையை அப்படி நட்டநடுவில் விட்டுவிட்டு வருவது நியாயம் இல்லைதான். ஆனால் அவள் நமக்காகக் காத்திருக்கவில்லை. விடிவதற்குள் முதல் பஸ்ஸைப் பிடித்து அருப்புக்கோட்டையில் வந்து இறங்கிவிட்டாள். மகனுக்குப் பழைய வேட்டி எடுத்துக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். தனக்கு ஒரு மாற்றுச் சேலை. முடிந்தால் தலையில் ஒரு சொம்புத் தண்ணீர்.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

அவள் மகன் பாலமணிகண்டன் பரளச்சி ரோட்டில் ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறான். ஷிப்டு முடியும்போது தலை, புருவம், சட்டை எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். மிஷினைச் சுத்தம் பண்ண வைத்திருக்கும் கம்ப்ரசர் காற்றுக் குழாயை எடுத்து, ஒருவர் மேல் ஒருவர் அடித்து உதறிக்கொள்வது அங்கே பழக்கம். கூடாது என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். அந்தப் போர்டில் படிந்த பஞ்சையும் அதே குழாயால்தான் ஊதித் தள்ளுவார்கள்.

அன்றைக்குக் குழாயைப் பிடித்திருந்தவன் சௌந்தர். சௌடேஸ்வரியின் சொந்த அண்ணன் திம்மையாவின் மகன், அதே மில்லில் ஃபிட்டர். முதுகில் பஞ்சை ஊதிக்கொண்டிருந்த குழாய், சிரிப்பும் கேலியுமாக இறங்கிப் பின்பக்கம் போய் அழுந்தி நின்றது. உள்ளே பாய்ந்த காற்று பாலமணிகண்டனின் குடலைக் கிழித்துவிட்டது. மதுரையில் ஆபரேஷன் பண்ணி, வயிற்றில் பை மாட்டிப் படுக்க வைத்திருக்கிறார்கள். சௌந்தரை அன்றைக்கே காணோம்.

அந்தச் சௌந்தருக்கும் சௌடேஸ்வரியின் மகள் பானுப்பிரியாவுக்கும்தான், சௌடம்மன் கோயில் திருவிழா முடிந்த கையோடு கல்யாணம் என்று வெற்றிலை பாக்கு மாற்றியிருந்தது.

நேற்று வராந்தாவில் மில் ஆபீசர் ராஜபாண்டி டாக்டரோடு இங்கிலீஷில் பேசினார். சௌடேஸ்வரிக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ப்ளேஃபுல். அதைச் சொல்லும்போதெல்லாம் ராஜபாண்டி லேசாகச் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை.

அந்த வார்த்தையைத் தொலைத்துவிடக் கூடாதே என்று பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் காப்பியை நீட்டினாள். முன்கட்டில் பவர்லூம் இரண்டும் ஓடாமல் நின்றன. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

"அண்ணன் எப்படிம்மா இருக்கான்?"

"கண்ணு முழிக்கான், திரும்ப அசந்துறான்." காப்பியைக் கீழே வைத்தாள். "ஏத்தா, ப்ளேஃபுல்லுன்னா என்ன?"

பானுப்பிரியா பி.ஏ. இங்கிலீஷ் கடைசி வருஷம். அம்மா இதுவரை ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் கேட்டதில்லை. சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"யாரு சொன்னா?"

"மில்லுக்காரரு. டாக்டர்ட்ட."

பானு பழைய வேட்டியை எடுத்து மடியில் விரித்தாள். பிறகு சொன்னாள். "விளையாட்டுத்தனமானன்னு அர்த்தம்மா."

"விளையாட்டுப் புள்ளைன்னு சொல்றோமே, அதுவா?"

"அதேதான். ப்ளேஃபுல் சைல்டுன்னா துறுதுறுன்னு விளையாடுற புள்ள. நாய்க்குட்டியச் சொல்லலாம், பூனைக்குட்டியச் சொல்லலாம். ஒரு ஆளு குறும்பாச் சிரிச்சா ப்ளேஃபுல் ஸ்மைல்னு சொல்லுவாக."

"நல்ல வார்த்தையாத்தான் இருக்கு."

"நல்ல வார்த்தைதாம்மா."

"நல்லதுக்கு மட்டுந்தான் சொல்றதா?"

பானு வேட்டியைக் கிழிக்க ஆரம்பித்திருந்தாள். நீளவாக்கில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுச் சொன்னாள். "அடிக்குக்கூடச் சொல்லலாம். செல்லமா முதுகுல ஒண்ணு வச்சா, அது ப்ளேஃபுல் ஸ்லாப்."

"கடிச்சா?"

"நாய்க்குட்டி விளையாட்டாக் கவ்வுமே, அதச் சொல்லலாம்."

"ரத்தம் வந்தா?"

துணி கிழிகிற சத்தம் நின்றது.

"அம்மா, அந்த வார்த்தை காயத்தப் பாத்துச் சொல்றது இல்ல. மனசப் பாத்துச் சொல்றது. பல்லு ஆழமாப் பட்டுட்டாலும் குட்டியோட மனசுல விளையாட்டுதானே இருந்துச்சு?"

பெண் யாருக்காகப் பேசுகிறாள் என்று தாய்க்குத் தெரியாதா? தெரிந்தது. கோபம் வரவில்லை. சின்ன வயதிலிருந்து இவனுக்கு இவள் என்று எல்லாரும் சேர்ந்துதானே சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். இப்போது திடீரென்று மனசை மாற்று என்றால் அது பல்பா, அணைத்துவிட்டுப் படுக்க?

"யாரு மனசப் பாத்து?" என்றாள் சௌடேஸ்வரி. "கடிச்ச நாயோட மனசயா, கடிபட்டவன் மனசயா?"

பானுப்பிரியா உடனே பதில் சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, எதைச் சொன்னாலும் நம்புவாள். ஆனால் படித்ததைத் திரித்துச் சொல்ல அவளுக்கு வராது.

"ரெண்டு பேருக்கும் விளையாட்டா இருக்கணும்," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "ஒரு ஆளுக்கு மட்டும் இருந்தாப் பத்தாது."

"ஒரு ஆளு போதும், நிறுத்துன்னு சொல்லிட்டா?"

"அதுக்கு மேல அந்த வார்த்தையப் போட முடியாது." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "ஆனா அண்ணன் நிறுத்துன்னு சொல்லலையேம்மா. பக்கத்துல நின்ன அத்தன பேரும் அப்படித்தானே சொல்லிருக்காக. அவனும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தான்னு."

அது வாஸ்தவம். மில்லில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்லியிருந்தார்கள். மச்சான்மார் இரண்டு பேரும் தினமும் அடிக்கும் கூத்துதான், மணி சிரித்தான், என்னவோ கத்தினான், பிறகு சுருண்டு விழுந்துவிட்டான்.

குளித்துவிட்டுச் சேலை மாற்றி வந்தபோது வாசலில் திம்மையா நின்றார். கையில் டிபன் கேரியர். அண்ணன் தன் தங்கை வீட்டு நிலைப்படியைத் தாண்டத் தயங்கி நின்றதை அந்தத் தெரு அன்றைக்குத்தான் பார்த்தது.

"உள்ள வாங்கண்ணே."

"இல்லத்தா. உன் மதினி இட்லி குடுத்துவிட்டா. நீ தின்னுருக்க மாட்டேன்னு."

சௌடேஸ்வரியின் புருஷன் மாரடைப்பில் போனபோது மணி மூன்றாம் வகுப்பு. இந்த அண்ணன்தான் வந்து தறியை ஓட்டினார். பாவு நூல் வாங்குவது, நெய்த சேலையைக் கடைக்குக் கொண்டுபோய்ப் போடுவது, ரிப்பேர் பார்ப்பது எல்லாம் அவர்தான். தன் மகன் சௌந்தரை ஒரு தோளிலும் தங்கை மகனை ஒரு தோளிலும் வைத்துக்கொண்டு சாமி பார்க்கப் போவார். எந்தத் தோளில் எந்தப் பிள்ளை என்று அவருக்கே கணக்கு கிடையாது. அவரைக் கெட்டவர் என்று சொன்னால் இந்தக் கதை எனக்குச் சுலபமாகப் போய்விடும். என்ன செய்ய, அவர் கெட்டவர் இல்லை.

"சௌடி," என்றார். "விளையாட்டு வினையாயிருச்சு."

இந்தப் பழமொழியை எவர் சொல்லிவைத்தாரோ தெரியவில்லை. வினை செய்தவன் வீட்டில்தான் அது முதலில் வாயில் வருகிறது.

"இன்னைக்கு எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு வாராராம். மில்லு ஆபீசரு போன் பண்ணுனாரு. மணியும் நீயும் விளையாட்டுல நடந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, கேஸு அத்தோட லேசாயிருமாம். தெரிஞ்சு செஞ்சான்னு ஆச்சுன்னா உள்ள தள்ளிருவாக."

"அவன் எங்கண்ணே?"

"சௌடம்மா மேல ஆணையா எனக்குத் தெரியாது. இருக்கானா, எங்கயும் விழுந்து கிழுந்து செத்தானான்னு தெரியாம உன் மதினி அழுதுக்கிட்டுக் கெடக்கா." கேரியரைப் படியில் வைத்தார். "மாமன் மச்சான் முறை. கேலி பண்ண அவனுக்கு உரிமை இருக்குன்னுதானே நாம வளத்தோம். மஞ்சத்தண்ணி ஊத்துறதுலேர்ந்து இவன் வேட்டிய அவன் உருவிட்டு ஓடுறவரைக்கும் பாத்துச் சிரிச்சோமே. இப்ப மட்டும் எப்படித்தா அது குத்தமாச்சு?"

உள்ளே பானுப்பிரியா அசையாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மணிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்," என்றாள் சௌடேஸ்வரி.

"கேளு. எம்புள்ள பொய் சொல்ல மாட்டான்," என்றார் திம்மையா. மணியைத்தான் எம்புள்ள என்றார்.

மதுரை பஸ்ஸில் இருவரும் ஒன்றாகத்தான் ஏறினார்கள். அவள் முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். அவர் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் உட்கார இடம் இருந்தது.

காரியாபட்டி வரைக்கும் வெளியே ஒரே பார்வைதான். கருவேலங்காடு, நடுநடுவே கருகி நிற்கும் பருத்தி, மறுபடி கருவேலங்காடு. மழை வரும் என்று நம்பி விதைத்தவன் எவனோ, அவன் தலையெழுத்து அப்படி.

சௌடேஸ்வரிக்கு ஒரு ஆசை வந்தது. வெளியே சொல்ல முடியாத ஆசை. மணி எதுவும் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். கடைசிவரை சிரித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால் அண்ணன் தப்பிப்பார், பானுவின் கல்யாணம் தப்பிக்கும், தனக்கும் இந்த உலகத்தில் சொல்லிக்கொள்ள ஒரு பிறந்த வீடு மிஞ்சும். குடல் கிழிந்து கிடக்கிற பிள்ளை சிரித்துக்கொண்டே கிழிபட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற தாய் நான் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வேண்டிக்கொண்டாள்.

வார்டுக்குள் ஒரு ஆளைத்தான் விட்டார்கள். மூக்கில் ட்யூப்போடு மணி படுத்திருந்தான். ஆறடிப் பையன் போர்வைக்கு அடியில் பாதியாகத் தெரிந்தான். பை மாட்டியிருந்த பக்கம் கை போகாமல், அந்தக் கையைத் தூரத் தள்ளி வைத்திருந்தான்.

"மணி."

கண்ணைத் திறந்தான்.

இவர்கள் வீட்டுக்குள் பேசுவது கன்னடம். தறியும் தேவாங்கர் குலமுமாக எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்து, தமிழ் கலந்து, மைசூர்க்காரன் கேட்டால் தலையைச் சொறிகிற ஒரு கன்னடம். அந்தப் பாஷையில்தான் தாய் கேட்டாள், மகன் சொன்னான். காலையில் வீட்டில் பேசியதும் அதில்தான். உங்களுக்காக எல்லாவற்றையும் நான் தமிழில் சொல்கிறேன்.

"போலீஸு வாராக. அதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒண்ணு சொல்லு. சௌந்தர் அப்படிப் பண்ணும்போது, நீ வேண்டாம்னு சொன்னியா?"

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். தொண்டையில் ட்யூப் உறுத்தியது.

"சொன்னேன்."

அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் அந்த ஒரு சொல்லில் போயிற்று.

"நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா. நீ நிறுத்தச் சொல்லவே இல்லன்னு அங்க நின்னவுக எல்லாரும் சொல்றாகளே."

"அவுகளுக்கு எப்படிம்மா புரியும்? நான் பேடான்னுல சொன்னேன். பேடா பாவா, பேடான்னு."

பேடா என்றால் அவர்கள் பாஷையில் வேண்டாம். பாவா என்றால் மச்சான்.

இது இந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் விளங்குகிற சங்கதி. மில்லுக்குள் கன்னடத்தில் பேசினால் பக்கத்தில் நிற்பவன் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று முறைப்பான். அதனால் வெளியே வந்துவிட்டால் தமிழ்தான். அதிலும் மச்சான்மார் கேலி என்றால் முழுக்கத் தமிழ். கெட்ட வார்த்தை அதில்தான் ருசி. கன்னடம் வீட்டுக்கு, சாமிக்கு, நல்லது கெட்டதுக்கு. மணியும் சௌந்தரும் மில்லில் எத்தனை வருஷம் உருண்டு புரண்டார்களோ, ஒருநாளும் கேலிக்குக் கன்னடத்தைத் தொட்டதில்லை.

சௌடேஸ்வரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "தமிழ்ல கத்திருக்கலாம்லப்பா. யாராச்சும் ஓடியாந்து தடுத்திருப்பாகளே."

"தமிழ்ல சொன்னா பாவா கேலின்னு நெனச்சுக்கிருவாகன்னுதாம்மா..." அவனுக்கு மூச்சு வாங்கியது. "நம்ம பாஷையில சொன்னா, நெசமாச் சொல்றேன்னு பாவாவுக்குத் தெரியும்ல."

இதைவிடப் புத்திசாலித்தனமாக ஒரு பிள்ளை யோசிக்க முடியாது. இதைவிடப் பெரிய தப்பும் அவன் செய்திருக்க முடியாது. அத்தனை பேர் நின்ற இடத்தில், ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் புரிகிற மாதிரி அவன் கெஞ்சியிருக்கிறான். அந்த ஒரே ஆள் கையில்தான் குழாய் இருந்தது.

அவள் மகனின் தலையைத் தடவிக்கொடுத்தாள். காதுமடலுக்குப் பின்னால் இன்னும் ஒரு துணுக்குப் பஞ்சு ஒட்டியிருந்தது. அதை எடுத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

எஸ்.ஐ. விஜயபாண்டி மத்தியானம் வந்தார். நர்ஸ் கொஞ்ச நேரம்தான் பேச விட்டார். மணி இரண்டு வார்த்தை சொல்வதற்குள் இருமல் வந்து, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். வராந்தாவில் ராஜபாண்டி தயாராக நின்றார். சுவரோரம் திம்மையா.

"சார், எங்க லேபர் அத்தன பேரும் ஒரே மாதிரிதான் சொல்லிருக்காங்க," என்றார் ராஜபாண்டி. "ரெண்டு பேரும் ரிலேட்டிவ்ஸ். ஜஸ்ட் ப்ளேஃபுல்லா பண்ணதுதான். இவுக குடும்பத்துக்கும் அதுல ஆட்சேபணை இல்ல."

"அந்த வார்த்தைய இதுக்குப் போடக் கூடாதுங்க," என்றாள் சௌடேஸ்வரி.

ராஜபாண்டி திரும்பிப் பார்த்தார். விஜயபாண்டியும் பார்த்தார்.

"எந்த வார்த்தைம்மா?"

"ப்ளேஃபுல். ரெண்டு பேருக்கும் விளையாட்டா இருந்தாத்தான் அப்படிச் சொல்லணுமாம். எம் மகன் வேண்டாம்னு சொல்லிருக்கான் சார். எங்க பாஷையில சொல்லிருக்கான். பேடான்னு. அதனாலதான் அங்க நின்னவுக யாருக்கும் விளங்கல. விளங்குன ஒரே ஆளு எங்கண்ணன் மகன்தான்."

 அண்ணன் பக்கம் திரும்பவில்லை.

விஜயபாண்டி இளவயசு ஆள். அவசரப்படுகிற ஆளாகவும் தெரியவில்லை. "அம்மா, இது சாதாரண விஷயம் இல்ல. கவனக்குறைவுன்னா ஒரு செக்ஷன். வேண்டாம்னு கெஞ்சியும் செஞ்சான்னா அது வேற. நீங்க சொல்ற பாஷை எனக்குத் தெரியாது." நிமிர்ந்து பார்த்தார். "பெரியவரே, நீங்க யாரு?"

"இவளுக்கு அண்ணன். அந்தப் பையனுக்கு..." திம்மையா நிறுத்தினார். "அப்பன்."

"உங்களுக்கும் இதே பாஷைதானே? நீங்க சொல்லுங்க. பேடான்னா வேண்டாம்னுதான் அர்த்தமா?"

"ஆமாங்க."

"விளையாட்டுக்கும் அப்படிச் சொல்றது உண்டா? சும்மா, ஒரு பேச்சுக்கு?"

வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் ஒன்று உருண்டு போனது. அது போய் முடியும்வரை திம்மையா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்றது உண்டுங்க," என்றார். "பயலுக விளையாடும்போது பேடா பேடான்னு கத்துவானுக. அது ஒண்ணும் பெரிய வார்த்தை இல்ல."

சௌடேஸ்வரி அண்ணனைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒரு பொய் வந்து அவள் கேட்டதில்லை. அவள் தாலி அறுந்த அன்றைக்கு வந்து நின்ற மனுஷன். பெற்ற பாசம் அவரையும் இப்படி ஆக்கிவிட்டதே. பஸ்ஸில் தான் வேண்டிக்கொண்டதும் உடனே ஞாபகம் வந்தது. அவரைத் திட்ட வாய் வரவில்லை.

"நம்ம பாஷையக் கொண்டுபோயி ஸ்டேஷன்ல ஏத்திட்டியேத்தா," என்றார் அவர் மெல்ல.

"அவன் அதுலதானே அண்ணே கெஞ்சிருக்கான்."

விஜயபாண்டி பெருமூச்சு விட்டார். "ஒரே வீட்டுப் பாஷைக்கு ஆளுக்கு ஒரு அர்த்தம் சொல்றீக. பையன் தெளியட்டும், மறுபடி கேப்போம். அதுவரைக்கும் மில்லு ஆளுக சொன்னதுதான் நிக்கும்." ராஜபாண்டி அவரை டீ சாப்பிடக் கூப்பிட்டார். இருவரும் வராந்தா கடைசியில் இருந்த கடைக்கு நடந்தார்கள்.

அப்போதுதான் போன் அடித்தது. பானு.

"அம்மா, பாவா வந்திருக்காக."

"எங்க?"

"நம்ம வீட்ல. பின்வாசல் வழியா வந்தாக. பாக்க முடியலம்மா, பிச்சக்காரன் மாதிரி..." அவள் விசும்பினாள். "எங்கிட்டச் சொல்லிட்டாகம்மா. அண்ணன் பேடான்னு சொன்னது கேட்டுச்சாம். நல்லாக் கேட்டுச்சாம். கேட்டும் குழாய எடுக்கலயாம். ஏன்னு கேட்டா தரையில முட்டிக்கிட்டு அழுகுறாக."

சௌடேஸ்வரி அண்ணன் நின்ற பக்கம் திரும்பினாள்.

"அம்மா, நீ போலீஸ்ட்ட எதுவும் சொல்லிறலையே?"

"சொல்லிட்டேன்."

 பக்கத்து வீட்டுத் தறி ஓடுவது மட்டும் கேட்டது.

"உங்கிட்ட மட்டும் சொல்லணும்னுதாம்மா வந்திருக்காக," என்றாள் பானு கடைசியில். "நீ என்ன தண்டனை குடுத்தாலும் சரிங்காக. போன அவுகட்டக் குடுக்கவா?"

"குடு."

அந்த அழுகையைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்த பிள்ளைதான் அவனும். அண்ணன் கேட்கட்டும் என்று இருந்தது. கேட்க வேண்டியவர் அவர்தான். ஒன்றும் சொல்லாமல் போனை அவர் கையில் வைத்தாள்.

திம்மையா விளங்காமல் அதைக் காதில் வைத்தார். பழைய போன் அது. பேசுவது அடுத்தவருக்கும் கேட்கும்.

"அத்தை," என்றான் சௌந்தர், வீட்டுப் பாஷையில். "அவன் பேடான்னான். நெசமாத்தான் சொல்றான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான்..."

திம்மையாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. வாயைப் பொத்துவதுபோல் போனையே உள்ளங்கையால் மூடினார். மூடியும் குரல் கசிந்தது. அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

"பேடா," என்றார். "பேடா சௌந்தரு, பேடா. பேடாப்பா."

வராந்தாவில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம். விஜயபாண்டி டீ கிளாஸோடு வேகமாக நடந்து வந்தார். உட்கார்ந்திருந்தவருக்கு எதிரே குனிந்து, கிளாஸைத் தரையில் வைத்தார்.

"பெரியவரே, இப்ப நீங்க சொன்னது விளையாட்டுக்கா?"

 போனில் சௌந்தர் இன்னும் பேசிக்கொண்டிருந்தான்.